எரேமியா வாங்கிய நிலம்: தீர்க்கதரிசிகள் சொன்ன மீட்பும் கிறிஸ்தவர்கள் சொல்லும் மீட்பும்

கேள்வி: ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் எல்லோரும் தங்கள் காலத்து யூத மக்களிடம் பேசியவர்கள். அவர்கள் சொன்ன மீட்பைக் கிறிஸ்தவர்கள் இயேசுவோடு இணைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே மீட்புதானா? "புது இருதயம்", "புது வானம், புது பூமி" என்பதற்கெல்லாம் முதலில் என்ன அர்த்தம் இருந்தது?

பதில்:

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும், துன்புறும் ஊழியனைப் பற்றிப் பேசுகிற ஏசாயா 53-இல் இருந்துதான் பதில் தொடங்கும். நான் ஒரு நிலப் பத்திரத்தில் இருந்து தொடங்குகிறேன். மீட்பு என்பது எபிரேயத்தில் நிலம், கடன், சொந்தபந்தம் இவற்றோடு ஒட்டிப் பிறந்த சொல். அதை விட்டுவிட்டு நேராகச் சிலுவைக்குப் போய்விட்டால், சிலுவையைப் பற்றிப் புதிய ஏற்பாடு சொல்வதே பாதி விளங்காமல் போய்விடும்.

கி.மு. 588-ஐ ஒட்டிய காலம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழத்தான் போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக எரேமியாவை அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான் யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா. அங்கே அவரைப் பார்க்க அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வருகிறான். "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், அதை மீட்கிற உரிமை உனக்குத்தான்" என்கிறான். எதிரியின் கைக்குப் போகிற நாட்டில் ஒரு துண்டு நிலம். சாதாரணமாக யாரும் வாங்க மாட்டார்கள். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை வைத்த பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, மண்பாண்டத்தில் போட்டு வை, நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நகரம் அழியும் என்று சொல்லிச் சிறைப்பட்டவரே அதன் வருங்காலத்துக்குப் பணம் கட்டுகிறார். எரேமியா 32-ஆம் அதிகாரம் இது. பழைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அதிகாரமும் இதுதான்.

அனாமெயேல் சொன்ன அந்த "மீட்கிற உரிமை"யைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அப்படி மீட்கிறவனுக்கு எபிரேயத்தில் 'கோஏல்' என்று பெயர். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் அவன் கடமையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. சகோதரன் நொடித்துப்போய் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் போய் அதை மீட்க வேண்டும். கடன் தாங்காமல் ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டால், அண்ணன் தம்பியோ, சித்தப்பாவோ, அவர் மகனோ விலை கொடுத்து அவனை மீட்கலாம். ரூத் கதையில் இறந்துபோன உறவினனின் நிலத்தை மீட்கிற போவாஸ் செய்வது இந்த வேலைதான். குடும்பத்தில் ஒருவன் கொலையுண்டால் அந்த இரத்தத்துக்குப் பழி கேட்கிறவனும் அதே கோஏல்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் ரூத்தில் 'சுதந்தரவாளி' என்றும் யோபுவில் 'மீட்பர்' என்றும் வருகிறது. அதனால் இரண்டும் ஒரே சொல் என்பது வாசிக்கிறவருக்குத் தெரியாமலே போகிறது.

அடகு வைத்த நகையை மீட்டுக்கொண்டு வந்தேன் என்று வீடுகளில் சொல்கிறோமே, அந்த மீட்டல்தான் இது. இந்த ஒரு இடத்தில் தமிழ்ச் சொல் எபிரேயத்துக்கு மிக அருகில் நிற்கிறது. 'இரட்சிப்பு' என்றால் காப்பாற்றுவது. ஆபத்தில் இருப்பவனை வழிப்போக்கனும் காப்பாற்றலாம். மீட்பது அப்படியல்ல. கைமாறிப் போன பொருள் முன்பே நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். மீட்கிறவனுக்கும் மீட்கப்படுகிறவனுக்கும் நடுவே உறவு இருந்தாக வேண்டும்.

சரி, இந்தக் குடும்பச் சொல் கடவுளுக்கு எப்படிப் போனது? நாடுகடத்தப்பட்ட காலத்தில்தான் அது பெரிய அளவில் நடந்தது. எருசலேம் கி.மு. 586-ஐ ஒட்டி விழுந்தது. கோயில் எரிந்தது. மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏசாயா புத்தகத்தின் 40-ஆம் அதிகாரத்தில் இருந்து கேட்கிற குரல் இவர்களிடம் பேசுகிறது. அது பெயர் தெரியாத இன்னொரு தீர்க்கதரிசியின் குரல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்தப் பகுதியில் கடவுளை 'கோஏல்' என்று பத்து தடவைக்கும் மேல் அழைக்கிறார்கள். உங்களை எந்தக் கடன் கொடுத்தவனுக்கு நான் விற்றேன் என்று கடவுள் கேட்கிறார். விலையில்லாமல் விற்கப்பட்டீர்கள், பணமில்லாமல் மீட்கப்படுவீர்கள் என்கிறார். அன்றைய மக்கள் காதுக்கு இது தத்துவமாகக் கேட்டிருக்காது. சொந்தக்காரர் ஒருவர் பத்திரத்தோடு வாசலில் வந்து நிற்பது போலத்தான் கேட்டிருக்கும்.

இந்த மீட்பு உள்ளூர் அரசியலோடு எவ்வளவு கலந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒருவரை "நான் அபிஷேகம் பண்ணினவன்" என்று அழைக்கிறார். எபிரேயத்தில் அது 'மஷியாஹ்', அதாவது மேசியா. அப்படி அழைக்கப்பட்டவர் பாரசீக அரசர் சைரஸ், தமிழ் பைபிளில் கோரேஸ். அவர் யூதரும் அல்ல, யூதர்களின் கடவுளை அறிந்தவரும் அல்ல. அந்த அதிகாரமே அதை ஒப்புக்கொள்கிறது. கி.மு. 539-இல் அவர் பாபிலோனைப் பிடித்தார், அடுத்த ஆண்டு யூதர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. ஆக, அந்த முதல் கேட்போருக்கு மீட்பு என்றால் ஊர் திரும்புவது, நகரத்தைக் கட்டுவது, தங்கள் நிலத்தில் தாங்கள் விதைத்து அறுப்பது.

இங்கே ஒரு சின்ன விலகல், ஆனால் தேவையானது. 'தீர்க்கதரிசி' என்ற தமிழ்ச் சொல் நம்மைக் கொஞ்சம் தவறான பக்கம் இழுத்துவிட்டது. தொலைதூரம் பார்ப்பவர் என்று அதற்குப் பொருள். அதனால் ஜாதகம் கணிப்பது போல எதிர்காலத்தைச் சொன்னவர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எபிரேயச் சொல் 'நாபி'. யாத்திராகமத்தில் ஆரோன் மோசேக்கு நாபி என்று வருகிறது, அதாவது மோசேக்காகப் பார்வோனிடம் வாய் திறந்து பேசுகிறவன். கத்தோலிக்கர்கள் சொல்கிற 'இறைவாக்கினர்' இதற்கு நெருக்கம். தெக்கோவா ஊர் ஆடு மேய்ப்பர் ஆமோஸ், ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறவர்களைப் பார்த்துக் கத்தினார். அது எதிர்காலக் கணிப்பு அல்ல, கண்ணெதிரே நடந்த அநியாயம். அப்புறம், தீர்க்கதரிசனம் பலிக்காமல் போவதே சில நேரம் அதன் வெற்றி. சீயோன் வயலாக உழப்படும் என்று மீகா சொன்னார். அரசன் எசேக்கியா பயந்து மனம் திரும்பினான், அது நடக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து எரேமியாவின் உயிரைக் காப்பாற்ற ஊர்ப் பெரியவர்கள் எடுத்துக்காட்டியது இந்த நிகழ்ச்சியைத்தான். மீகா பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை.

புதுப்பித்தலுக்கு வருவோம். நிலத்தை மீட்டுவிடலாம், ஆனால் அதை இழக்க வைத்த மனிதர்கள் அப்படியே இருந்தால்? எரேமியாவையும் எசேக்கியேலையும் அலைக்கழித்த கேள்வி இது. எரேமியா 31-இல் கடவுள் புதிய உடன்படிக்கை செய்கிறார். இந்த முறை சட்டம் கற்பலகையில் இல்லை, உள்ளத்தில் எழுதப்படுகிறது. ஒருவருக்கு ஒருவர் "ஆண்டவரை அறிந்துகொள்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதே இருக்காது. சின்னவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். எசேக்கியேல் 36-இல் கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைத் தருவேன் என்கிறார். நாம் இந்த வசனத்தைத் தனி மனிதருடைய மனமாற்றமாகவே படித்துப் பழகிவிட்டோம். இரண்டு வசனம் தள்ளிப் படித்தால், உங்கள் முன்னோருக்கு நான் கொடுத்த நாட்டில் குடியிருப்பீர்கள் என்று வரும். அதற்கப்புறம் தானியம், மரத்தின் கனி, பாழான ஊர்களில் மறுபடியும் குடியேற்றம். உள்ளமும் ஊரும் சேர்ந்துதான் புதிதாகின்றன.

அடுத்த அதிகாரம் புகழ்பெற்ற உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு. எசேக்கியேல் கி.மு. 597-லேயே நாடுகடத்தப்பட்டு, கேபார் கால்வாய் ஓரம் குடியேறிய ஆசாரியர். எலும்புகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, தசை வருகிறது, தோல் மூடுகிறது, உயிர் மட்டும் இல்லை. அப்போது நான்கு திசைகளில் இருந்தும் 'ரூஆஹ்' வந்து ஊதுகிறது. எபிரேயத்தில் இந்த ஒரே சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி மூன்றும் பொருள். அந்த அதிகாரம் முழுக்க இந்த ஒரு சொல்லை வைத்தே நகர்கிறது. தமிழில் 'ஆவி' என்பதில் மூச்சும் உயிரும் சேர்ந்தே இருப்பதால் நமக்கு இது கொஞ்சம் எட்டும்.

இந்தக் காட்சிக்கான விளக்கமும் அதிகாரத்திலேயே இருக்கிறது. "எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயின, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று மக்கள் சொன்னார்கள், அந்தப் புலம்பலுக்கு இது பதில். எலும்புகள் இஸ்ரவேல் மக்கள், உயிர்த்தெழுவது ஒரு சமூகம். ஆனாலும் பின்னால் வந்த யூதர்களே இதை அத்தோடு விடவில்லை. சிரியாவில் தூரா யூரோப்பொஸ் என்ற ஊரின் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு யூத ஜெப ஆலயச் சுவரில் இந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாக வரைந்திருந்தார்கள். ரப்பிகள் என்கிற யூத மத ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் ஒரு விவாதம் வருகிறது. இது வெறும் உவமை என்கிறார் ஒரு ரப்பி. இல்லை, எசேக்கியேல் எழுப்பிய அந்த மனிதர்கள் இஸ்ரவேல் நாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்து பிள்ளைகளும் பெற்றார்கள் என்கிறார் இன்னொருவர். உடனே ரப்பி யூதா பென் பெத்தேரா எழுந்து நின்று, "நான் அவர்கள் பரம்பரையில் வந்தவன், இதோ என் தாத்தா எனக்கு விட்டுப்போன அவர்களுடைய ஜெபக்கச்சைகள்" என்கிறார். ஜெபிக்கும்போது கையிலும் தலையிலும் கட்டிக்கொள்கிற, வேத வசனம் வைத்த தோல் பெட்டிகள் அவை. இந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும். செத்த எலும்புகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களின் பேரன் உயிரோடு நின்று பேசுகிறான்.

அவர்கள் ஊர் திரும்பியதோடு எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. இரண்டாம் கோயில் கி.மு. 516-ஐ ஒட்டிக் கட்டி முடிந்தது. அதன் அஸ்திவாரம் போட்ட நாளிலேயே முதல் கோயிலைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுதார்கள் என்று எஸ்றா புத்தகம் சொல்கிறது. "எங்கள் முன்னோருக்கு நீர் கொடுத்த நாட்டிலேயே நாங்கள் அடிமைகளாக இருக்கிறோம்" என்று நெகேமியா புத்தகத்தில் ஜெபிக்கிறார்கள். பாலைவனம் பூக்கும் என்று ஏசாயா சொன்னார். வந்து சேர்ந்ததோ பாரசீகருக்கு வரி கட்டுகிற ஒரு சின்ன மாகாணம். நடந்ததைவிட வாக்கு பெரிதாக இருந்தது. அதனால் வாக்கு தீர்ந்துபோகாமல் மிச்சம் நின்றது. அப்புறம் கி.மு. 167-ஐ ஒட்டி சிரியாவில் இருந்து ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோகஸ் எப்பிப்பானேஸ், தோராவை, அதாவது மோசேயின் சட்டத்தைக் கடைப்பிடித்தவர்களைக் கொன்றபோது கேள்வி இன்னும் கூர்மையானது. கடவுளுக்கு உண்மையாக இருந்ததற்காகவே செத்தவர்களுக்கு என்ன நியாயம்? தானியேல் 12-இல், மண்ணில் தூங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்ற நம்பிக்கை தெளிவாகவே வந்துவிடுகிறது. மக்கள் எழுவது என்பது தனி மனிதர்கள் எழுவதுவரை நீண்டது இந்த வழியில்தான்.

இயேசுவின் சீடர்கள் இந்த எதிர்பார்ப்புக்குள் பிறந்தவர்கள். லூக்கா நற்செய்தியைப் பாருங்கள். தொடக்கத்தில் சகரியா, கடவுள் தம் மக்களுக்கு மீட்பு உண்டாக்கினார் என்று பாடுகிறார். கோயிலில் மூதாட்டி அன்னாள் எருசலேமின் மீட்புக்குக் காத்திருந்தவர்களிடம் பேசுகிறார். கடைசியில் எம்மாவு ஊருக்கு நடந்துபோகிற இரண்டு பேர், "இஸ்ரவேலை மீட்கப்போகிறவர் அவரே என்று நம்பியிருந்தோம்" என்று மனம் உடைந்து சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன மீட்பு எரேமியாவின் மீட்புதான். சிலுவை அவர்கள் கண்ணில் அந்த நம்பிக்கையின் தோல்வி.

உயிர்த்தெழுதல் என்று அவர்கள் நம்பிய ஒன்று நடந்த பிறகு, அதே வேதத்தை மறுபடியும் திறந்து படித்தார்கள். கிறிஸ்தவ மீட்புக் கொள்கை அங்கே தொடங்குகிறது. யார் நம்மைப் பிடித்து வைத்திருப்பது என்ற கேள்விக்குப் பதில் மாறுகிறது. பாபிலோனோ ரோமோ மட்டும் அல்ல, பாவமும் சாவும் என்கிறார் அப்போஸ்தலர் பவுல். மீட்கப்படுகிறவர்கள் யார் என்பதும் அகன்றுவிடுகிறது, புறஜாதியாரும், அதாவது யூதர் அல்லாதவர்களும் உள்ளே வருகிறார்கள். இயேசு கடைசி இராவுணவில் கிண்ணத்தை எடுத்து "புதிய உடன்படிக்கை" என்று சொன்னதாகப் பவுலும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். அது எரேமியாவின் சொல். எபிரேயர் நிருபம் 8-ஆம் அதிகாரம் அந்தப் பகுதியை முழுதாக எடுத்துப்போட்டிருக்கிறது, புதிய ஏற்பாட்டின் மிக நீளமான மேற்கோள் அதுதான். பைபிளின் இரண்டு பாகங்களுக்குப் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற பெயர் வந்ததும் இந்த உடன்படிக்கைப் பேச்சில் இருந்துதான். ஆனால் புதிய உடன்படிக்கை என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கடல் சுருள்கள் என்கிற பழைய யூதச் சுவடிகளை வைத்திருந்த யூதக் குழுவினரும் அவர்களுக்கு முன்பே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படியானால் இந்த இணைப்பு சரியா? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். உயிர்த்தெழுதலில் இருந்து பின்னோக்கிப் படிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு படித்தால் அது நேர்மையான வாசிப்பு. ஏசாயா மனதில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை, யூதர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஏசாயா 53-இன் துன்புறும் ஊழியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசாயா 49-இல் கடவுள் "நீ என் ஊழியன், இஸ்ரவேலே" என்கிறார். அதே பகுதியில் அந்த ஊழியனுக்கு இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரும் வேலையும் இருக்கிறது. மக்களா, ஒரு ஆளா என்பது அந்த எழுத்திலேயே திறந்துதான் கிடக்கிறது. கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் கி.பி. 248-ஐ ஒட்டி எழுதியபோது, இது உலகெங்கும் சிதறித் துன்புறும் யூத மக்கள் எல்லோரையும் குறிக்கிறது என்று யூத அறிஞர்கள் தம்மிடம் வாதிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அப்போஸ்தலர் 8-இல் தேரில் உட்கார்ந்து இந்த அதிகாரத்தைப் படித்த எத்தியோப்பிய அதிகாரி பிலிப்புவிடம் கேட்டதும் இதே கேள்வி: தீர்க்கதரிசி இதை யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னையா, வேறொருவரையா? பிலிப்பு அந்த இடத்தில் இருந்து தொடங்கித்தான் இயேசுவைப் பற்றிச் சொன்னார்.

இந்த வேரை வெட்டிவிடும் ஆசை கிறிஸ்தவத்துக்குள் சீக்கிரமே வந்தது. கி.பி. 144-ஐ ஒட்டி ரோமில் மார்சியன் என்பவர் எபிரேய வேதமே வேண்டாம், அந்தக் கடவுளே வேறு என்றார். திருச்சபை மறுத்துவிட்டது, அது பெரிய விஷயம். ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதன் மக்களை ஒதுக்கியது. 13-ஆம் நூற்றாண்டு ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் யூத மதத்தைக் கண்கட்டிய பெண்ணாகச் செதுக்கி வைத்தார்கள். 1242-இல் பாரிஸில் தல்மூத் பிரதிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். இயேசுவின் சாவுக்கு எல்லா யூதர்களையும் குற்றம் சொல்லக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 ஆக வேண்டியிருந்தது. பவுல் ரோமர் 11-இல் புறஜாதிக் கிறிஸ்தவர்களைப் பார்த்து, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று எழுதியிருந்தார். படித்தும் மறந்தார்கள்.

கடைசியாக, புது வானமும் புது பூமியும். ஏசாயா 65-இல் இந்தச் சொற்கள் வரும்போது அங்கே இன்னும் சாவு இருக்கிறது! நூறு வயதில் செத்தாலும் வாலிபனாகத்தான் கருதுவார்கள். வீடு கட்டியவர்கள் அதில் குடியிருப்பார்கள், தோட்டம் நட்டவர்கள் அதன் பழத்தைத் தின்பார்கள், நாங்கள் கட்ட இன்னொருவன் குடியேறுவது இனி இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த விவசாயியின் கனவு அப்படியே இருக்கிறது. வெளிப்படுத்தல் 21 இதை எடுத்து, சாவும் இனி இல்லை என்று ஒரு படி தள்ளிப் போடுகிறது. ஆனால் அங்கும் மனிதர்கள் மேலே போகவில்லை, எருசலேம் கீழே இறங்கி வருகிறது. நம் சபைகளில் மீட்பு என்றால் செத்த பிறகு பரலோகம் போவது என்று மட்டும் கேட்டுப் பழகியவர்கள் இந்த இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். அந்த நகரத்தின் 12 வாசல்களிலும் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. மக்களினங்களைக் குணமாக்கும் இலைகளோடு ஆற்றோரம் நிற்கிற மரம், எசேக்கியேல் 47-இல் கோயிலின் வாசற்படிக்குக் கீழிருந்து ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்து வந்தது. ரோமர் 8-இல் பவுலும் மீட்பு என்ற சொல்லை ஆத்துமாவுக்கு அல்ல, உடலுக்குத்தான் சொல்கிறார், படைப்பு முழுதும் பிரசவ வேதனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு.

இரண்டு மதங்களும் இன்றும் காத்திருக்கின்றன. யூதர்கள் வாரநாட்களில் தினமும் மூன்று வேளை நின்று சொல்கிற ஜெபத்தில் ஏழாவது ஆசீர், கடவுளை 'இஸ்ரவேலின் கோஏல்' என்று அழைத்து முடிகிறது. புத்தகங்களை அடுக்கிய வரிசையிலும் அந்தக் காத்திருப்பு தெரிகிறது. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியாவை அனுப்புவேன் என்ற வாக்கோடு முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு. எபிரேய பைபிளின் வழக்கமான வரிசை நாளாகமத்தில், சைரஸின் கட்டளையோடு முடிகிறது: உங்களில் யார் அவருடைய மக்களோ, அவர் போகட்டும். எருசலேமுக்குப் போகிற பாதையில் முதல் அடி வைக்கும் முன்பே புத்தகம் நின்றுவிடுகிறது.

படிக்க விரும்பினால் எரேமியா 31-ஐயும் 32-ஐயும் ஒரே மூச்சில் படியுங்கள். பிரசங்கங்களில் 31 மட்டும் வரும், புதிய உடன்படிக்கை அதில் இருப்பதால். அடுத்த பக்கத்தில்தான் அந்த 17 சேக்கல் வெள்ளியும் மண்பாண்டமும் இருக்கின்றன.